3. உடம்புக்கு அளவெடுத்த கிட்டார்

நவராத்திரி நெருங்கினால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைக்குக் கூட்டம் சேரும். அதே வாரத்தில் இசைக் கருவிக் கடைகளிலும் கூட்டம்தான். சரஸ்வதி பூஜையன்று கருவியைப் பூஜையில் வைக்க வேண்டும். மறுநாள் விஜயதசமிக்குப் பிள்ளையை வகுப்பில் சேர்க்க வேண்டும். நல்ல வழக்கம். ஆனால் அந்த அவசரத்தில் வாங்கிய கிட்டார்களை வகுப்பின் முதல் நாளிலேயே பார்க்கிறவன் நான். எட்டு வயதுப் பெண் ஒருத்தி, முகவாய்க்குக் கீழே மரத்தைத் தவிர வேறெதுவும் தெரியாதபடி ஒரு பெரிய கிட்டாரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வலது தோள் காதை நோக்கி ஏறியிருக்கும். இடது கை மடங்க இடமில்லாமல் நீண்டு, விரல் நுனி முதல் ஃப்ரெட்டை எட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். மூன்று வாரம் கழித்து, “கை வலிக்குது சார்” என்பாள். பொங்கலுக்குள் கிட்டார் பீரோ மேல் ஏறிவிடும்.

பெண்ணுக்குச் சங்கீதம் வரவில்லை என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். இதுதான் என்னால் தாங்க முடியாதது. அவளுடைய காது நன்றாகத்தான் இருந்தது, தாளம் நன்றாகத்தான் இருந்தது. மரப்பெட்டியின் அளவு மட்டும்தான் தவறு.

தவறு எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியும். தி. நகரில் பள்ளிச் சீருடை வாங்கும்போது இரண்டு அங்குலம் கூடுதலாக எடுத்து, உள்ளே மடித்துத் தைத்துக்கொள்வோம். வருஷா வருஷம் மடிப்பைப் பிரித்துவிட்டால் பாவாடை மூன்று வருஷம் வரும். சிக்கனமான குடும்பங்களின் அறிவு அது. நானும் அப்படித்தான் வளர்ந்தேன். அதே கணக்கைக் கிட்டாருக்கும் போடுகிறோம். “வளர்ற பிள்ளை, பெரிசாவே குடுத்துடுங்க.” கடையில் இருக்கும் தம்பியும், “ஃபுல் சைஸ் எடுத்துக்கங்க மேடம், திரும்ப வாங்க வேண்டாம்” என்பார். கிட்டாருக்கும் மடிப்பு உண்டா? ஒருவகையில் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அளவு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். கடைகளில் குழப்பம் அதிகம் இருப்பது அதில்தான்.

அட்டையில் இருக்கும் எண்

சென்னைக் கடைகளில் கிட்டார் பெட்டிகளின் மேல் 38 இன்ச், 39 இன்ச், 41 இன்ச் என்று அச்சிட்டிருக்கும். கிட்டாரின் தலை நுனியிலிருந்து அடிப்பாகம் வரை உள்ள மொத்த நீளம் அது. 41 இன்ச் என்றால் பெரும்பாலும் ட்ரெட்நாட் எனப்படும் அகன்ற உடம்புக் கிட்டார். 40 இன்ச் என்றால் பெரும்பாலும் அதைவிட இடை ஒடுங்கிய கான்சர்ட் வகை. 39 இன்ச், நைலான் தந்தி பூட்டிய முழு அளவு கிளாசிக்கல் கிட்டார். 36 இன்ச் முக்கால் அளவு. புதிதாகக் கற்கிறவர்களுக்கென்று விலை குறைவாக வரும் 38 இன்ச் கிட்டார்கள் இவற்றுக்கு நடுவே எங்கோ நிற்கின்றன. எந்த வகையிலும் சரியாக அடங்காது.

இந்த எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். தலைப்பகுதியை ஒரு அங்குலம் நீட்டினாலும் எண் கூடிவிடும். உங்கள் கைக்கு அதனால் ஒரு வித்தியாசமும் இல்லை. கைக்கு வேண்டிய எண், தந்தியின் ஒலிக்கும் நீளம். கழுத்தின் மேல்முனையில் தந்திகள் படிந்து செல்லும் வெள்ளைத் துண்டுக்கு நட் என்று பெயர். அங்கிருந்து பிரிட்ஜில் தந்தி உட்காரும் இடம் வரை உள்ள தூரம்தான் ஸ்கேல். வீணை தெரிந்தவர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம்: மேருவிலிருந்து குதிரை வரை. தையல்காரர் டேப் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் கம்பிகள்தான் ஃப்ரெட். நட்டிலிருந்து பன்னிரண்டாம் ஃப்ரெட் கம்பி வரை அளந்து இரண்டால் பெருக்கினால் ஸ்கேல் கிடைத்துவிடும். பன்னிரண்டாம் ஃப்ரெட் தந்தியின் சரிபாதியில் இருப்பதால் இந்தக் கணக்கு எந்தக் கிட்டாருக்கும் பொருந்தும்.

முழு அளவு கிளாசிக்கல் கிட்டாரின் ஸ்கேல் 650 மில்லிமீட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுக் கைவினைஞர் அந்தோனியோ டி டோரஸ் செய்த கிட்டார்களிலிருந்து நிலைபெற்ற அளவு இது. முக்கால் கிட்டாருக்கு 580 மி.மீ. அளவில் இருக்கும். அரைக் கிட்டாருக்கு 535 முதல் 540. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 580 என்பது 650-இல் முக்கால் பங்கு இல்லை, ஏறத்தாழ 89 சதவீதம். அரைக் கிட்டார் 82 சதவீதம். முக்கால், அரை என்பவை பெயர்கள் மட்டுமே. பிள்ளைகளுக்கு வயலின் வாங்கிப் பழகிய வீடுகளில் இது புதிதாக இருக்காது. முக்கால் வயலினும் முழு வயலினுக்கு வெகு அருகில்தான் இருக்கும். பெயரைக் கேட்டு, பொம்மை மாதிரி குட்டியாக இருக்குமோ என்று பயந்து முக்கால் கிட்டாரை ஒதுக்கும் பெற்றோர் நிறையப் பேர். கையில் எடுத்துப் பார்த்தால் அந்தப் பயம் போய்விடும்.

பத்து சதவீதம் குறைவதில் என்ன ஆகிவிடப் போகிறது? நிறைய ஆகிறது. கற்றுக்கொள்ளும் முதல் ஆறு மாதம் இடது கை முதல் நான்கு ஃப்ரெட்டுக்குள்தான் குடியிருக்கும். அந்த நான்கு ஃப்ரெட்டும் முழுக் கிட்டாரில் 134 மி.மீ. தூரத்துக்குப் பரவியிருக்கின்றன, முக்காலில் 120, அரையில் 111. குழந்தையின் சுண்டு விரலுக்கு 14 மி.மீ. என்பது ஒரு ஊர் தூரம். இதற்கு மேல் இழுவிசை இருக்கிறது. ஒரே தந்தி, ஒரே சுருதி என்றால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறும். அதனால் ஸ்கேல் 89 சதவீதமாகும்போது இழுவிசை ஏறத்தாழ 80 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஐந்தில் ஒரு பங்கு வலி குறைவு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வயதை வைத்து அளவு சொல்லும் அட்டவணைகள் எல்லாக் கடையிலும் இருக்கும்: ஐந்திலிருந்து எட்டு வயது வரை அரை, எட்டிலிருந்து பதினொன்று வரை முக்கால், அதற்கு மேல் முழு. தொடங்கிப் பார்க்க உதவும், அவ்வளவுதான். ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பத்து வயதுப் பிள்ளைகளின் உயரத்தில் அரையடி வித்தியாசம் இருப்பதை எந்தப் பள்ளி வாசலிலும் பார்க்கலாம். உயரம் இன்னும் நம்பகமான வழி: 125 செ.மீ.க்குக் கீழே அரை, 150 செ.மீ. வரை முக்கால் என்று நான் தொடங்குவேன். அப்புறம் கருவியை மடியில் வைத்து, உடம்பு என்ன சொல்கிறது என்று பார்ப்பேன்.

பெரியவர்களுக்கும் இதே பேச்சுதான்

அளவு என்றாலே குழந்தைகள் விஷயம் என்று நினைக்கிறோம். என் அனுபவத்தில் பெரியவர்கள்தான் இதில் அதிகம் கஷ்டப்படுகிறார்கள். அவர்களை யாரும் அளந்து பார்ப்பதே இல்லை. பெரியவரா, ட்ரெட்நாட் எடுத்துக் கொடு என்று முடித்துவிடுகிறார்கள்.

மந்தைவெளியில் ஒரு மாமி. இருபது வருஷம் வீணை வாசித்தவர், ஐம்பத்தெட்டு வயதில் கிட்டார் கற்றுக்கொள்ள வந்தார். உயரம் ஐந்தடிக்குள். மகன் ஆசையாக வாங்கிக் கொடுத்த பெரிய ட்ரெட்நாட் கிட்டாருடன் வந்தார். இரண்டாம் வகுப்பிலேயே, “தம்பி, வீணையைத் தூக்கி மடியில வெச்சுண்டு மூணு மணி நேரம் வாசிச்சிருக்கேன். இதை அரை மணி வெச்சுண்டா தோள் விட்டுப் போறதே” என்றார். வயதானதால் வந்த வலி என்று அவரே முடிவு கட்டியிருந்தார். எழுந்து போய் என்னுடைய கான்சர்ட் கிட்டாரை எடுத்து அவர் மடியில் வைத்தேன். வலது கையை அதன் மேல் போட்டவர், கொஞ்ச நேரம் ஒன்றும் வாசிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். “இது என்னோட சேர்ந்து உக்காரறது” என்றார்.

ட்ரெட்நாட் எப்படி வந்தது என்று தெரிந்தால் இது ஏன் என்று புரியும். அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1916-இல் டிட்சன் என்ற இசைக் கடைக்காக இந்த வடிவத்தைச் செய்தது. 1906-இல் பிரிட்டன் கடலில் இறக்கிய ட்ரெட்நாட் என்ற பெரும் போர்க்கப்பலின் பெயரையே வைத்தார்கள். அன்று மைக் வழக்கத்தில் இல்லை. பாடுகிறவரின் குரலுக்குப் பக்கத்தில் நின்று ஈடுகொடுக்கும் சத்தம் கிட்டாருக்கு வேண்டியிருந்தது. அதற்காக உடம்பை அகலமாகவும் ஆழமாகவும், இடையை அதிகம் ஒடுக்காமலும் செய்தார்கள். மந்தைவெளி அடுக்குமாடி வீட்டில், பக்கத்து வீட்டுச் சுவருக்கு நாலடி தள்ளி, இரவு எட்டு மணிக்குப் பயிற்சி செய்யும் உங்களுக்கு அந்தச் சத்தம் எதற்கு? ஆரம்பக் கட்டத்தில் சத்தம் ஒரு தேவையே இல்லை. கருவி மடியில் அசையாமல் உட்கார வேண்டும். அதுதான் தேவை.

பெரியவர்கள் பார்க்க வேண்டிய அளவு ஸ்கேலைவிட உடம்பின் ஆழம். கிட்டாரின் பக்கவாட்டு மரத்தை டேப்பால் அளந்து பாருங்கள். பரவலாக விற்கும் ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம்: யமஹாவின் எஃப்ஜி 800 ட்ரெட்நாட், எஃப்எஸ் 800 கான்சர்ட். முதலாவதன் ஸ்கேல் 650, அடுத்ததன் ஸ்கேல் 634. உடம்பின் ஆழத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சென்டிமீட்டருக்குள்தான். ஆனால் அந்த ஒரு சென்டிமீட்டர் வலது அக்குளுக்குக் கீழே நேராக வந்து விழுகிறது, முழங்கையை வெளியே தள்ளுகிறது, தோளைத் தூக்குகிறது. வயிறு சற்றுப் பெரிதான ஆண்களுக்கும் இதே தொல்லை. ஆழமான கிட்டார் அவர்களிடமிருந்து விலகிச் சாய்ந்து நிற்கும்; ஃப்ரெட்டைப் பார்க்கக் குனிந்து குனிந்து முதுகு வலிக்கும். அவர்களுக்கும் ஆழம் குறைந்த உடம்பே நல்லது. நல்ல உயரமும் நீண்ட கையும் உள்ளவர்களுக்கு ட்ரெட்நாட் நன்றாகப் பொருந்தும், அதன் அடித்தந்தியின் கனம் தனி இன்பம். அப்படிப்பட்டவர்களை நான் தடுப்பதில்லை.

ஒரு வகையின் பெயரை வைத்து இன்னொன்றை ஊகிக்கவும் வேண்டாம். இங்கே எத்தனையோ பேரின் முதல் கிட்டாராக இருந்திருக்கும் யமஹா எஃப் 310, உடம்பில் ட்ரெட்நாட். ஸ்கேல் மட்டும் 634. இடது கைக்குச் சின்னது, வலது தோளுக்குப் பெரிது. டேப் எடுத்துப் போகச் சொன்னது இதற்காகத்தான்.

தரையில் உட்காருகிறவர்களுக்கு

வெளியூரில் அச்சாகும் கிட்டார்ப் புத்தகங்களில் இது இருக்காது. அவற்றில் எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். நம் வீடுகளில் பாட்டு என்றால் பாய் விரித்துச் சம்மணம் போட்டு உட்காருவது. கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசிக்கும் கலைஞர்கள் கச்சேரி மேடையில் அப்படித்தான் உட்காருகிறார்கள். வாய்ப்பாட்டு கற்றுக்கொண்டே கிட்டாருக்கும் வரும் பிள்ளைகள், சொல்லாமலே தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் உட்காரும் விதம் மாறினால் அளவும் மாறும்.

நாற்காலியில் வலது தொடை தரைக்கு இணையாக நின்று கிட்டாரைத் தாங்கும். சம்மணத்தில் தொடை கீழே சரிந்து வெளியே விரிந்துவிடும். இடை ஒடுங்காத ட்ரெட்நாட் அந்தச் சரிவில் நிற்காமல் முழங்காலை நோக்கி வழுக்கும். கழுத்து தாழ்ந்து இடது முழங்காலை இடிக்கும். வழுக்குவதைப் பிடிக்க இடது கை கழுத்தைத் தாங்கத் தொடங்கும். தாங்குகிற கையால் சுதந்திரமாக வாசிக்க முடியாது. இடை நன்றாக ஒடுங்கிய கான்சர்ட் அல்லது கிளாசிக்கல் உடம்பு தொடையைக் கவ்விக்கொள்ளும். தரையில்தான் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் கடையிலும் தரையில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு காகிதம் விரித்து உட்கார இடம் கேட்டால் எந்தக் கடையிலும் மறுக்கமாட்டார்கள். ஊஞ்சலில் உட்கார்ந்து வாசிக்கும் ஆசை இருந்தால், பலகையின் ஓரத்துக்கு வந்து கால் தரையில் படும்படி உட்காருங்கள். கால் தொங்கினால் எந்த அளவும் சரிவராது.

எப்படி உட்கார்ந்தாலும் தோள் வார் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருப்பவருக்கு எதற்கு வார் என்று கேட்பார்கள். கருவியின் எடையை வார் தாங்கினால் இரண்டு கைகளும் வாசிப்பதற்கென்று கிடைக்கும். நூற்றுக்கணக்கில் செலவழித்து ஆயிரக்கணக்கில் மிச்சம் பிடிக்கும் இடம் இது. சற்றே பெரிய கிட்டாரைக்கூட வார் அடக்கி வைக்கும்.

நைலானா, எஃகா?

இதை ஆசிரியரைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். சென்னையில் கிட்டார் கற்பதில் இரண்டு வழிகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. ஒன்று, லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வுகள் வழியாக வரும் கிளாசிக்கல் கிட்டார். 1842-இல் மிஸ்க்வித் கம்பெனியாகத் தொடங்கி இன்று மியூசி மியூசிக்கல் என்ற பெயரில் அண்ணா சாலையில் இருக்கும் கடை, கருவிகள் விற்பதோடு இந்தத் தேர்வுகளோடும் பல தலைமுறைகளாகத் தொடர்புடையது. மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்த இளையராஜா, டிரினிட்டியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர். அந்த வழியில் போகிறவர்களுக்கு நைலான் தந்திதான். மற்றது, சினிமாப் பாட்டுக்குக் கார்டு பிடித்துப் பாடும் வழி. அங்கே பெரும்பாலும் எஃகுத் தந்தி.

அளவோடு இதற்கு என்ன சம்பந்தம் என்றால், நட்டின் அகலம். கிளாசிக்கலில் 52 மி.மீ., எஃகுத் தந்திக் கிட்டாரில் 43 மி.மீ. அளவில் இருக்கும். சின்னக் கை ஆறாம் தந்தியை எட்ட 52 தூரம் அதிகம். தடித்த விரல் பக்கத்துத் தந்தியைத் தொடாமல் அமுக்க 43 நெருக்கம் அதிகம். மறுபக்கம் இழுவிசை இருக்கிறது. எஃகுத் தந்தி ஆறும் சேர்ந்து கழுத்தை எழுபது கிலோ அளவுக்கு இழுக்கின்றன. நைலான் அதில் பாதிக்குச் சற்று மேல். பத்து வயதுக்குக் கீழே என்றால், எந்தப் பாட்டுக்காக வந்தாலும் முக்கால் அல்லது அரை அளவு நைலானில்தான் தொடங்கச் சொல்கிறேன். குழந்தைகளின் முக்கால் அளவு கிளாசிக்கலில் நட்டும் ஒடுங்கியே வரும் என்பதால் அகலம் தொல்லை தராது.

சத்தம் போதவில்லை என்று நைலான் கிட்டாரில் எஃகுத் தந்தி பூட்டாதீர்கள். அத்தனை கிலோவைத் தாங்க அதன் பலகை செய்யப்படவில்லை. பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும்.

கிட்டாருக்கு ஒரு மடிப்பு

வீட்டில் அண்ணன் விட்டுப் போன முழு அளவு கிட்டார் ஒன்று கிடக்கிறது, பத்து வயதுத் தங்கைக்கு இன்னொன்று வாங்க இப்போது வசதியில்லை. இந்த நிலைமை நிறைய வீடுகளில் உண்டு. பாவாடை மடிப்பு என்று சொன்னேனே, அது இங்கே உதவும். அதற்குக் கேப்போ என்று பெயர். எல்லாத் தந்திகளையும் ஒரே இடத்தில் அமுக்கிப் பிடிக்கும் ஒரு கிளிப். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

650 ஸ்கேல் கிட்டாரில் இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போவை மாட்டினால் மீதி நீளம் 579 மி.மீ. முக்கால் கிட்டாரின் ஸ்கேல் ஏறக்குறைய அதேதான். மூன்றாம் ஃப்ரெட்டில் மாட்டினால் 547. அரைக் கிட்டாருக்கு வெகு பக்கம். இரண்டாம் ஃப்ரெட்டில் மாட்டினால் சுருதி இரண்டு ஸ்வர ஸ்தானம் ஏறிவிடுமே என்றால், கேப்போ மாட்டும் முன் ஆறு தந்திகளையும் இரண்டு ஸ்வர ஸ்தானம் இறக்கிக்கொள்ளுங்கள். மாட்டியதும் வழக்கமான சுருதிக்கு வந்துவிடும். இறக்கியதால் இழுவிசையும் அதே ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். கேப்போ தந்தியை ஃப்ரெட்டுக்கு நெருக்கமாகக் கொண்டுவருவதால் அமுக்குவதும் இலகு. விரல்களைப் பொறுத்தவரை அந்தக் கிட்டார் முக்கால் கிட்டாராகவே மாறிவிடுகிறது. முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் மடிப்பு கழுத்துக்கு மட்டும்தான், உடம்பு மடங்காது. வலது தோள் ஏறுகிறது என்றால் கேப்போ அதைச் சரிசெய்யாது. கிளாசிக்கலோ கான்சர்ட்டோ வீட்டில் இருந்தால் ஒரு வருஷம் இப்படி ஓட்டலாம். பெரிய ட்ரெட்நாட்டாக இருந்தால் ஓட்டாதீர்கள். யாரிடமாவது சின்னதை இரவல் கேளுங்கள்.

கடையில் பத்து நிமிஷம்

விஜயதசமிக்கு வாங்குவதாக இருந்தால் இரண்டு வாரம் முன்பே, வார நாள் காலையில் போங்கள். சனிக்கிழமை மாலை யாருக்கும் உங்களோடு உட்கார நேரம் இருக்காது. வாசிக்கப் போகிறவர் கட்டாயம் கூட வர வேண்டும். ஆச்சரியமாக இருக்கட்டும் என்று ஒளித்து வாங்கும் பிறந்தநாள் பரிசாகக் கிட்டார் இருக்க வேண்டாம். செருப்பை அப்படி வாங்குவதில்லை, இதையும் வாங்காதீர்கள்.

கைப்பிடி இல்லாத நாற்காலியில், அல்லது மேலே சொன்னபடி தரையில், உட்கார்ந்து கிட்டாரை மடியில் வையுங்கள். வலது முன்கையைக் கிட்டாரின் விளிம்பில் தளர்வாகப் போடுங்கள். விரல்கள் தானாக ஒலித்துளைக்கு மேலே வந்து விழ வேண்டும். இப்போது கூட வந்தவர் எதிரே நின்று இரண்டு தோள்களையும் பார்க்கட்டும். மட்டமாக இருக்கின்றனவா? வலது தோள் ஒரு விரற்கடை ஏறியிருந்தால்கூட அந்த உடம்பு பெரிது. வாசிக்கிறவருக்கு இது தெரியாது. அதனால்தான் வெளிக்கண் வேண்டும். பிறகு இடது கை. ஆள்காட்டி விரலை இரண்டாம் தந்தியின் முதல் ஃப்ரெட்டிலும், மோதிர விரலை ஐந்தாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டிலும் வைக்கச் சொல்லுங்கள். சி கார்டின் இரண்டு கோடிகள் இவை. சத்தம் சுத்தமாக வர வேண்டியதில்லை. முழங்கை உடம்பிலிருந்து வெளியே பறக்காமல், மணிக்கட்டு முறியும்படி வளையாமல் விரல்கள் அங்கே போய்ச் சேர்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். அப்படியே இரண்டு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்கச் சொல்லுங்கள். உடம்பு நெளிந்தால் அளவு சரியில்லை. குழந்தைகளின் உடம்பு இதில் பொய் சொல்லாது.

அளவு சரியாக இருந்தும் கை வலிக்கும் கிட்டார்கள் உண்டு. தந்தி ஃப்ரெட்டுக்கு மேலே அதிக உயரத்தில் நின்றால் அப்படி ஆகும். பர்ஸில் இருக்கும் ஏ.டி.எம். அட்டைகளே இதற்கு அளவுகோல். ஒரு அட்டையின் கனம் 0.76 மி.மீ. எஃகுத் தந்திக் கிட்டாரில் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கும் தடித்த ஆறாம் தந்திக்கும் நடுவே மூன்று அட்டைகளை, எழுத்துப் புடைக்காத பகுதியாகப் பார்த்து, அடுக்கிச் செருகுங்கள். தந்தியைத் தொட்டும் தொடாமலும் நின்றால் நல்லது. நான்கு அட்டைகள் தாராளமாக நுழைந்தால் உயரம் அதிகம். இறக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். கடைக்காரர்கள் இதை செட்-அப் என்பார்கள். விலை பேசும்போது பையையும் பிக்கையும் இலவசமாகக் கேட்பதைவிட இதைக் கேட்பது நூறு மடங்கு பிரயோசனம். நைலானில் நான்கைந்து அட்டை வரை இருக்கலாம்.

நம் ஊர்க் காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. பெசன்ட் நகர், அடையாறு பக்கம் கடல் ஈரத்தில் மரம் உப்பி, முன்பலகை மேலெழும்பி, தந்தியும் உயர்ந்துவிடும். கோடையில் வாங்கியபோது சரியாக இருந்த கிட்டார் ஐப்பசி மழையில் கடினமாகிவிட்டது என்றால் பிள்ளையைச் சந்தேகிக்காமல் அட்டையைச் செருகிப் பாருங்கள். வெயிலில் நிறுத்திய காரிலும் விட்டுவிட்டுப் போகாதீர்கள், பசை இளகிவிடும். ஸ்கூட்டரில் போகிற பிள்ளைகளுக்குக் கிட்டாரின் மொத்த நீளமும் முக்கியம். முழு அளவு ஏறத்தாழ ஒரு மீட்டர் இருக்கும். முதுகில் மாட்டினால் தலைக்கு மேலே ஓரடி நிற்கும், மாட வீதி மரக்கிளைகளிலும் பறக்கும் ரயில் கதவிலும் இடிக்கும்.

விலையில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். அளவு சரியான சாதாரணக் கிட்டாரும், அளவு பெரிதான உயர்ந்த கிட்டாரும் ஒரே விலையில் கிடைத்தால் முதலாவதை வாங்குங்கள். யமஹா இப்போது சென்னைக்குப் பக்கத்திலேயே தொழிற்சாலை வைத்துக் கிட்டார் செய்கிறது. இந்திய நிறுவனங்களின் கிட்டார்களும் முன்பைவிட நன்றாக வருகின்றன. தேர்ந்தெடுக்க நிறைய இருக்கிறது. பெரியதுதான் கிடைக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளும் காலம் போய்விட்டது.

அடுத்த அளவுக்கு எப்போது மாறுவது என்று எல்லாப் பெற்றோரும் கேட்பார்கள். பிறந்தநாளைப் பார்க்காதீர்கள். முதல் ஃப்ரெட்டில் கார்டு பிடிக்கும்போது விரல்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றனவா, வலது முழங்கை கிட்டாரின் விளிம்பைத் தாண்டித் தொங்குகிறதா, பிள்ளை தானாகவே உங்கள் பெரிய கிட்டாரை எடுத்து வைத்துக்கொள்கிறதா, இவற்றைப் பாருங்கள். இந்த மூன்றில் இரண்டு வந்துவிட்டால் நேரம் வந்துவிட்டது. பழையதை ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள். நல்ல நிலையில் இருக்கும் முக்கால் கிட்டாருக்கு எப்போதும் ஒரு வீடு காத்திருக்கும். என் வகுப்பில் ஒரு முக்கால் கிட்டார் இப்போது நான்காவது பிள்ளையின் மடியில் இருக்கிறது. முதல் பெண் கல்லூரிக்குப் போய்விட்டாள். ஒலித்துளை வழியாக உள்ளே எட்டிப் பார்த்தால், நான்கு பேரின் கையெழுத்தும் பென்சிலில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும்.